ஐம்பதாயிரமாவது புட்டி

அட, நீங்களுமா! போன வாரந்தான் வேலைக்குச் சேர்ந்தீங்க, அதுக்குள்ள உங்களுக்கும் அந்தக் கிறுக்கு புடிச்சாச்சா? லட்சமாவது நம்பர் உங்க சரக்குக்கு வரணுமாமே! ம்ஹூம்... உக்காருங்கம்மா. உங்க துணி சுத்தி முடிய இன்னும் நாப்பது நிமிஷம் கெடக்கு. செவ்வாக்கெழமை இந்தப் பொதுச் சலவை அறை என் முறை. இருந்தாலும், மூணாவது மாடிக்குப் புதுசா குடி வந்தவங்களாச்சேன்னு ஒரு மிஷினை விட்டுக்குடுத்தேன்ல? அதுக்காகவாவது நான் சொல்றதைக் கேளுங்க.

முப்பத்தோரு வருஷம்மா! நீங்க சேர்ந்திருக்கிற அதே மருந்துக் கம்பெனி. ரைன் ஆத்தைப் பாத்தாப்ல நிக்குதே, அந்தப் பழைய கட்டடம். கீழ்த்தளத்துல பதிவு அறை. மேல ஆறு மாடியிலயும் மேதாவிங்க எதையாவது காய்ச்சி வடிச்சு, கட்டைவிரல் ஒசரப் புட்டியில போட்டுக் கொண்டாருவாங்க. நான் நம்பர் போடணும். கே.வி.ன்னு கம்பெனி எழுத்து ரெண்டு, பின்னால வரிசை எண். அம்புட்டுதான்! என்ன வியாதிக்கு, யாரு செஞ்சது... ஒண்ணுமே அந்தப் பேர்ல தெரியக் கூடாது. போட்டிக் கம்பெனிக்காரன் நம்ம குப்பைத்தொட்டியைக் கெளறினாலும் தலையைச் சொறிஞ்சுகிட்டுத்தான் போகணும். அதுதான்மா அதோட அழகே!

அந்தச் சரக்கு பொழைச்சுக் கெடந்து மனுஷங்க ஒடம்புல சோதிக்கிற வரைக்கும் போச்சுன்னா, பெறகு ஒரு முறையான பேர் கெடைக்கும். கடைக்கு வரும்போது விளம்பரக்காரங்க இன்னொரு பேர் வைப்பாங்க, வாயில பல்லு இல்லாதவன் தும்மின மாதிரி! ஆனா எத்தனை அங்க போகும்? ஆயிரக்கணக்குல ஒண்ணு. மிச்சமெல்லாம் நான் வச்ச நம்பரோட பொறந்து, அதே நம்பரோட செத்துப்போகும்.

அதுக்குத்தான் இந்த மேதாவிங்க அடிக்கிற கூத்து இருக்கே... அப்பப்பா! பதிமூணுல முடிஞ்சா ஒருத்தருக்கு மூஞ்சி கோணும். இன்னொருத்தர், பொண்டாட்டி பொறந்த தேதி வர்ற நம்பருக்காகப் பதினோரு நாள் புட்டியைச் சட்டைப் பையிலயே வச்சுகிட்டு அலைஞ்சாரு. அந்தம்மா அந்த வருஷமே விவாகரத்து வாங்கிட்டுப் போயிருச்சு, அது வேற கதை. நடுவுல இன்னொருத்தன் கம்பெனியை வாங்கினான். எழுத்தை மாத்துன்னான். பழைய புட்டிக்கெல்லாம் புது லேபிள் ஒட்டினோம். எட்டே மாசத்துல வித்துட்டுப் போனான். திரும்பவும் கே.வி.! கிழிச்சு ஒட்டு! என் நகத்துல இன்னும் அந்தப் பசை வாடை அடிக்குது.

எங்க விட்டேன்? ஆங்... ஐம்பதாயிரம்.

அன்னைக்குக் கணக்கு நாப்பத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டுல வந்து நின்னுச்சு. நின்னது நின்னதுதான்! அடுத்த புட்டியைக் கொடுக்க ஒருத்தனும் வரல. ஏன்? முந்திக் கொடுத்தவனுக்குத் தொண்ணூத்தொம்பது விழுந்துரும், பின்னால வர்றவன் ஐம்பதாயிரத்தைத் தட்டிகிட்டுப் போயிருவான். அதனால எல்லாரும் நடைவழியில நிக்கிறாங்க. கோட்டுக்குள்ள புட்டி. காப்பி குடிக்கிற மாதிரி, ஷூ நாடா கட்டுற மாதிரி... பெரிய பெரிய டாக்டருங்கம்மா! மூணு நாள் ஒரு பதிவுகூட இல்ல. மேலிடத்துல இருந்து போன் பண்ணி, "என்ன, மிஷின் கெட்டுப்போச்சா?"ன்னு கேக்குறாங்க. மிஷின் நல்லாத்தான் இருக்கு, மனுஷங்கதான்னு சொல்ல நாக்கு துடிச்சுச்சு.

நாலாம் நாள் காலையில, நடைவழியில ஆள் சேர்றதுக்கு முந்தியே நாத்யா குஸ்டர் வந்தா. அஞ்சாவது மாடி, சின்னப் பொண்ணு, வாயே தொறக்க மாட்டா. ஒரு வாரம் காய்ச்சல்ல கெடந்து நேரா வர்றா, இந்தக் கூத்து எதுவும் தெரியாது. ரெண்டு புட்டி. மொதல் புட்டிக்குத் தொண்ணூத்தொம்பது ஒட்டினேன். ரெண்டாவதுக்கு... லேபிள் சுருள் தீந்துபோச்சு. "மத்தியானம் கொண்டாம்மா"ன்னேன். சரின்னு போயிட்டா. அந்த நேரம் பாத்து டாக்டர் அன்செல்ம் ஷெல்லர் கீழ எறங்கி வந்தாரு. ஐம்பதாயிரம் அவருக்கு விழுந்துச்சு. சேதி பரவுனதுதான் தாமதம், நடைவழிக் கூட்டம் மொத்தமும் புட்டியை நீட்டிகிட்டு உள்ள பாஞ்சுது. மத்தியானம் நாத்யா வர்றப்ப அவளுக்குக் கெடைச்சது ஐம்பதாயிரத்து நாப்பத்து மூணு.

அப்புறம் கேளுங்க! ஷெல்லரோட புட்டிக்குக் கேக்கு வெட்டினாங்க. போட்டோ புடிச்சாங்க. அந்த நம்பரை அச்சடிச்சு ஆளுக்கொரு காப்பிக் கோப்பை! உள்ள இருந்த சரக்கு? எலிக்குக் குடுத்தா எலி தூங்குச்சு. நாய்க்குக் குடுத்தா நாய் வாந்தி எடுத்துச்சு. வேற நம்பரா இருந்தா மூணு மாசத்துல தூக்கிப் போட்டிருப்பாங்க. இது ஆறு வருஷம் ஓடுச்சும்மா! ஐம்பதாயிரத்தை நிறுத்துறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட எவனுக்குத் தைரியம் இருக்கு?

நாத்யாவோடது சிறுநீரகத்துக்கு. எலிங்களுக்கு நல்லாக் கேட்டுச்சு, அறிக்கையை நானே அடுக்கி வச்சேன். ஆனா கூட்டத்துல அதைப் பத்திப் பேச வந்தா, "அதான்... அந்த நாப்பத்து... என்னது அது?"ம்பாங்க. ஒரு வருஷம் செலவைக் குறைக்கணும், ரெண்டுல ஒண்ணை நிறுத்தணும்னு வந்துச்சு. எதை நிறுத்தினாங்கன்னு நான் சொல்லணுமா? அது மருந்தாயிருக்குமோ, ஆயிருக்காதோ... யாருக்குத் தெரியும்? சோதிச்சுப் பாத்தாத்தானே தெரியும்! இன்னும் குளிர்பெட்டியில கெடக்கு. நாத்யா இப்ப பக்கத்து ஊர் லீஸ்டால்ல பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறா.

முட்டாப் பசங்க! மெத்தப் படிச்ச முட்டாப் பசங்க! ஒரு நம்பரைப் பாத்து மயங்கி...

என்ன கேட்டீங்க? சுருள் தீந்திருந்தா ஷெல்லர் புட்டிக்கு எப்படி ஒட்டினேன்னா? ...ஆமா, அந்த நேரம் பாத்துத் தீந்துபோச்சு. ...தீரும்மா. சுருள்னா தீரத்தானே செய்யும்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க?

...தீரல. போதுமா? பாதிச் சுருள் இருந்துச்சு. நான்தான் இழுப்பறைக்குள்ள தள்ளினேன். ஷெல்லருக்குப் போன் போட்டதும் நான்தான். "டாக்டர், இப்ப வாங்க, உடனே வாங்க"ன்னு.

காசு கீசு ஒண்ணும் வாங்கலம்மா! என்னன்னு சொல்றது... அந்தக் கட்டடத்துல எல்லாரும் புட்டியை வச்சுட்டுச் சீட்டை எடுத்துட்டுப் போயிருவாங்க, மூஞ்சியைப் பாக்க மாட்டாங்க. ஊர்ப்பட்ட சரக்குக்குப் பேர் வச்சவ நான். என் பேர் ஒருத்தனுக்கும் தெரியாது. அந்த ஷெல்லர் மட்டும் வெள்ளிக்கெழமை ஆனா ஒரு பொட்டலம் லெக்கர்லி பிஸ்கட்டை மேசையில வச்சு, "எப்படி இருக்கீங்க, ரெகுலா?"ம்பாரு. அதுக்குத்தான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான். கேக்கு வெட்டுன அன்னைக்கு எல்லாருக்கும் நன்றி சொன்னாரு பாருங்க, "கீழ பதிவு அறையில இருக்கிற அந்தம்மாவுக்கும்"னாரு. அந்தம்மா! கூட்டத்துல பேர் மறந்துருச்சாம். வெள்ளிக்கெழமை பிஸ்கட்டும் அதோட நின்னுபோச்சு.

அட, அதை விடுங்க. நாத்யா வேலையை விட்டுப் போனா பாருங்க, அன்னைக்குக் கீழ வந்தா. கையில சின்னப் பூந்தொட்டி. எனக்காம்! "இந்தக் கட்டடத்துல ஆளைப் பாக்காம வரிசையை மட்டும் பாத்தது நீங்க ஒருத்தர்தான்"னு சொல்லி, என்னைக் கட்டிப்புடிச்சு அழுதாம்மா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது என் கடமைம்மா"ன்னேன். தொட்டியை வாங்கிகிட்டேன்.