புளியடி வயல், பதினாலாவது முறை

கல்பனா: அசையாத. ஊக்கு குத்திரும்.

பாண்டீஸ்வரி: மேடைக்குக் கூப்பிட இன்னும் எம்புட்டு நேரம் மதினி?

கல்பனா: பத்து நிமிசமாம். ஏட்டி, ஒங்கை ஏன் இப்படி ஈரமா இருக்கு?

பாண்டீஸ்வரி: புழுக்கம்.

கல்பனா: ஃபேனுக்கு நேர் கீழ நின்னுக்கிட்டா... ஒங்கண்ணன் காலைல சுந்தரபாண்டியத்துல ஒரு ஆள் விடல. "எந்தங்கச்சி செஞ்ச தண்ணிமொறை ஆப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் காலேஜ்ல சால்வை போடுதாக"ன்னு. பால்காரர் ரெண்டு தடவை கேட்டாரு, பாவம்.

பாண்டீஸ்வரி: அண்ணனுக்கு வேற வேலை இல்ல.

கல்பனா: பொய்யா சொல்லுதாவ? கண்மாய்த் தண்ணி யாருக்கு எப்பன்னு போன்லயே தெரியுதே. முன்னயெல்லாம் மடைக்கிட்ட மம்பட்டியும் கையுமா நிப்பானுக.

பாண்டீஸ்வரி: அது நான் மட்டும் செஞ்சது இல்ல மதினி.

கல்பனா: பொறவு?

பாண்டீஸ்வரி: அந்த ஆப்புக்கு எழுதுன ப்ரோகிராம் கோடு நெட்ல எல்லாருக்கும் திறந்து கெடக்கும். தப்பு இருந்தா யாரும் திருத்தி அனுப்பலாம். நான் பாத்து, சரியா இருந்தா அவுக பேரோட சேத்துக்கிடணும்.

கல்பனா: தண்ணி பாய்ச்சுறவரு மாதிரின்னு சொல்லு. திறக்கதும் அடைக்கதும் ஒங்கையில.

பாண்டீஸ்வரி: ம்... ஒருத்தருக்கு அடைச்சுட்டேன்.

கல்பனா: திரும்பு. கொசுவத்தச் சரி பண்ணணும். என்னத்த அடைச்ச?

பாண்டீஸ்வரி: கார்த்திகையில ஒரு திருத்தம் வந்துச்சு. ஆறே வரி. ராத்திரி பன்னெண்டு ஆனதும் ஆப்பு நாளை மாத்திரும். விடியிறதுக்கு முந்தி மொறை இருக்கவுகளுக்கு ஒருநாள் தப்பாக் காட்டும். நம்ம ஊர்ல தண்ணிக்கு...

கல்பனா: விடிஞ்சு ஆறு மணி ஆனாத்தான் அடுத்த நாளு.

பாண்டீஸ்வரி: எனக்கு அது தோணவே இல்ல. நான் வேலை பாக்க மில் ஆபீஸ் கம்ப்யூட்டர் கணக்குலயே போட்டுட்டேன்.

கல்பனா: சரி, அந்தத் திருத்தம் தப்பா இருந்துச்சா?

பாண்டீஸ்வரி: இல்ல.

கல்பனா: பொறவு ஏன்...

பாண்டீஸ்வரி: "பயன்படாது. முதலில் கற்றுக்கொண்டு வரவும்." இப்படி எழுதி மூடிட்டேன்.

கல்பனா: முந்தானைய இங்கிட்டு குடு, மடிப்பு எடுக்கணும்.

பாண்டீஸ்வரி: தையில ஆப்பு நாளைத் தப்பாக் காட்டி செல்லத்தாய் சின்னம்மைக்கு மொறை தப்பிப் போச்சுல்ல.

கல்பனா: நெல்லு பால் பிடிக்கிற நேரம். களத்துல அவுக தூத்தத் தூத்த பதராப் பறந்துச்சு.

பாண்டீஸ்வரி: மொறை தப்புன மறுநாளே அந்த ஆறு வரிய எடுத்து எம்பேர்ல போட்டேன். இன்னைக்கு மேடையில அதைத்தான் பேசச் சொல்லிருக்காக... எப்படி யோசிச்சேன்னு.

கல்பனா: அனுப்புனது யாராம்?

பாண்டீஸ்வரி: பேர் இல்ல. "சிட்டு"ன்னு போட்டிருந்துச்சு.

கல்பனா: மேடையில சொல்லிரேன்.

பாண்டீஸ்வரி: நாலு நாளா எழுதி எழுதிப் பாக்கேன். அந்த வரி வந்ததும் கை நின்னுருது.

கல்பனா: முகத்தைத் தூக்கு. மை கலையுது... இதச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

பாண்டீஸ்வரி: சொல்லாதீக மதினி.

கல்பனா: செத்த கேளு. கல்யாணத்துக்கு முந்தி மூணு வருசம் பிசிஏ படிச்சேன்ல. ஒங்க வீட்டுல அதை யாரும் கேட்டதும் இல்ல, நானும் சொன்னதும் இல்ல. உல கொதிக்கிற நேரத்துல ஒன் பழைய லேப்டாப்ப வச்சுக்கிட்டு... நான்தாண்டி அந்தச் சிட்டு.

பாண்டீஸ்வரி: இப்ப ஏன் மதினி இதச் சொன்னீக?

கல்பனா: நீ எழுதுனதப் படிச்சுட்டு அன்னைக்கு ரசத்துல உப்பு போட மறந்துட்டேன். ஒங்கண்ணன் ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டாவ. பொறவு நானே மனசத் தேத்திக்கிட்டேன். அவளுக்கு ஆளு யாருன்னு தெரியாதுல்ல, எவனோ ஊர் பேர் தெரியாதவன்னு நெனச்சிருப்பான்னு. தெரிஞ்சா எம்பிள்ள அப்படி எழுதுவாளா?

பாண்டீஸ்வரி: மதினி...

கல்பனா: அந்தா, ஒம்பேரச் சொல்லிக் கூப்பிடுதாக. கண்ணத் தொட. தெரியாமச் செஞ்சதுக்கு எம்புட்டு நாளைக்கு அழுவ? போ.

பாண்டீஸ்வரி: ஒரு நிமிசம். அந்தத் திருத்தத்துக்குக் கீழ, சரிபாக்கதுக்கு ஒரு வயல் பேரு போட்டிருந்தீக... புளியடி வயல், பதினாலாவது மொறை. நம்ம வயல்னு பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சு மதினி. அண்ணன் இதைச் செய்யாது, வீட்டுல வேற யாருன்னு செத்த நேரம் யோசிச்சேன். அதுக்குப் பொறவுதான் மூடுனேன்.