கரு வளரும் அறையின் காற்றுவழியை அடைத்தது பற்றி

என்னை எல்லோரும் கம்ப்ரசர் என்றே கூப்பிடுகிறார்கள், அப்படியே எழுதச் சொன்னேன். வயது அறுபத்தெட்டு. தொழில் ஏ.சி. மெக்கானிக். படிப்பு ஆறாம் வகுப்பு, மற்றது நானாகக் கற்றது. முகவரி, என் பட்டறையின் மேல்மாடி.

மேற்படி முகவரியில் மகள், மருமகனுடன் குடியிருந்து வருகிறேன். மகளுக்கு வயது முப்பத்தொன்பது. குழந்தைக்காக இருமுறை சிகிச்சை செய்து, கரு தரமில்லை என்று கைவிட்டார்கள். இந்த மூன்றாவதுதான் கடைசி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இம்முறை ஐந்து கரு உண்டாகி, ஆய்வகத்தில் இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாளான திங்கட்கிழமை காலை ஆய்வகப் பெண் போனில், "அஞ்சும் ஜோரா இருக்குக்கா, எட்டு செல் வந்துடுச்சு" என்றாள். என் மகள் அதைக் காலண்டரில் குறித்தாள்.

அதன் பிறகு பதினோரு மணிக்கு நான் மருந்து வாங்க மருத்துவமனைக்குப் போனபோது, ஆய்வகத்தின் வெளியே நடைபாதையில் ஒரு பெயிண்டர் இரும்புக் கதவுக்கு எனாமல் அடித்துக்கொண்டிருந்தார். தின்னர் வாடை கண்ணைக் கரித்தது. அவர் தலைக்கு மேலேதான் ஆய்வகத்துக்குக் காற்று இழுக்கும் துவாரம். மருந்துச் சீட்டைப் பிடித்துப் பார்த்தேன், துவாரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. வாடை உள்ளே போனால் கரு கெட்டுவிடும், நிறுத்துங்கள் என்றதற்குப் பெயிண்டர், "பெருசு, பதினஞ்சு வருஷமா இதத்தான் மோந்துட்டிருக்கேன், எனக்கு மூணு புள்ளைங்க" என்று சிரித்தார். அதன் பிறகு மருத்துவமனை மேலாளரிடம் போனேன். "ஃபில்டர் இருக்குங்க ஐயா, வீட்டு ஏசின்னு நெனச்சுட்டீங்களா?" என்றார். ஃபில்டர் மாற்றிய தேதியைக் காட்டச் சொன்னேன். காட்டவில்லை.

அதன் பிறகு பையிலிருந்த டேப்பால் துவாரத்தை அடைத்து, பெயிண்டரை வெளியே அனுப்பி, நடைபாதைக் கதவைத் தாழிட்டு அதில் சாய்ந்து உட்கார்ந்தேன். யாரையும் அடிக்கவில்லை. ஆய்வகத்தில் அலாரம் அடித்தது. காற்று குறைந்தால் அது அடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. நாற்பது நிமிடம் கழித்துக் காவலர்கள் வந்ததும் நானே திறந்தேன்.

இன்று ஐந்தாம் நாள் காலை, இரண்டு கருதான் மிச்சம் என்று போன் வந்தது. மேலாளர் என்னால் என்கிறார். நான் பெயிண்டால் என்கிறேன். எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது என்று ஆய்வகப் பெண் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து நான் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு மேலாளர், பெயிண்ட் வாடையே இல்லை, குற்றம் முழுவதும் என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால்தான் இன்று மூன்று மணிக்குக் கரு வைப்போம் என்றார். வேறு இடத்துக்கு எடுத்துப்போக நேரமில்லை. நான் மாட்டேன் என்றேன். என் மகள், "நீங்க சொன்னதே சரியா இருக்கட்டும்ப்பா. எழுதிக் குடுத்துடுங்க. சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம், அது ரெண்டும் அப்புறம் இருக்காதுப்பா" என்றாள். எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அந்தக் கடிதம் பொய். வாடை இருந்தது. துவாரத்தை அடைத்ததும் கதவைத் தாழிட்டதும் நான்தான், அதற்குள்ள தண்டனையைக் கொடுக்கலாம். மூன்று மணிக்கு என் மகளுக்குக் கரு வைத்து முடிகிறவரை இதை மருத்துவமனைக்குக் காட்ட வேண்டாம். அதன் பிறகு எங்கே கூப்பிட்டாலும் வந்து இதையேதான் சொல்வேன்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது, ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை.

(ஒப்பம்)
கம்ப்ரசர்
பதிவு செய்த நேரம்: பகல் 1.20