படிவத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டவர்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு இருக்கும் திருமதி எலுபி சவுலா அவர்களே, கலோவே ஏரிக்கரையிலிருந்து விடியலிலேயே லாரி ஏறி இந்த முசுசு நகருக்கு வந்து சேர்ந்த மீன்காரத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மாவட்டப் புள்ளியியல் அலுவலர், பெருமதிப்பிற்குரிய லுசுங்கு சவுலா அவர்கள் மறைந்துவிட்டார். மலாவியின் பொருளாதார நிலை குறித்து ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வருகிறதே, அதில் புகையிலை உண்டு, தேயிலை உண்டு, மக்காச்சோளம் உண்டு. சவுலாவின் பெயர் உண்டா? இல்லை! ஆனால் நம் ஏரிக்கரைப் பெண்களை அந்த அறிக்கைக்குள் கொண்டுவந்தவர் அவர்தான்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரும் அவரோடு வேலை பார்த்த நானும் கலோவேயில் கணக்கெடுக்கப் போனோம். "என்ன வேலை செய்றீங்க?" இதுதான் படிவத்தில் இருந்த கேள்வி. "வேலையா? ஒண்ணுமில்லீங்க, வீட்டுலதான் இருக்கோம்" என்றார்கள். நானும் 'வேலை இல்லை' என்று எழுதிக்கொண்டே போனேன். நானூறு படிவங்கள்!

கடைசி நாள், இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாரே நியாகோண்ட்வே அம்மா, இவர் மூங்கில் பரண்மேல் காயப்போட்டிருந்த உசிப்பா என்னும் பொடிமீனைப் புரட்டிக்கொண்டே சவுலாவை அதட்டினார். "பேனாவப் புடிச்சுக்கிட்டு மரமாட்டம் நிக்கிறியே தம்பி, அந்தப் பக்கத்து மீனப் புரட்டு! மழ வருது!"

அவர் புரட்டினார், ஐயா! தம்மிடம் இருந்த ஒரே கோட்டுச் சட்டையைப் போட்டபடியே மழை வரும்வரை புரட்டினார். பிறகு கேட்டார், "அக்கா, நேத்துக் காலையிலேர்ந்து என்னவெல்லாம் செஞ்சீங்க?"

"மீன் வாங்கினேன், கழுவினேன், காயப்போட்டேன், கூடையத் தூக்கிட்டு ஆத்தத் தாண்டிச் சந்தைக்குப் போனேன். ஏன்?"

"இதெல்லாம் வேலை இல்லையா?"

"இதப் போயி யாரு வேலைன்னு சொல்லுவா!" என்று கரையே சிரித்தது.

சவுலா சிரிக்கவில்லை. நானூறு படிவங்களையும் ஒதுக்கிவைத்தார். "மறுபடியும் முதல்லேர்ந்து போறோம்" என்றார். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன்!

தலைநகரில் இருந்த அன்றைய மேலதிகாரி, அந்தக் கேள்வியைக் கேட்டு நாங்கள் மறுபடி நிரப்பிய படிவங்களைத் தள்ளிவிட்டார். "நாங்க கேக்கச் சொன்னத மட்டும் கேளுய்யா. பழையதுல கையெழுத்துப் போடு." சவுலா மறுத்தார். இரண்டு ஆண்டுகள் அவரைப் பொருள் கிடங்கில் உட்காரவைத்தார்கள். காகிதக் கட்டுகளுக்குக் காவல்! ஒருநாளாவது முணுமுணுத்தாரா? இல்லை.

அந்த இரண்டாம் மழைக்காலத்தில்தான் ஆற்றைக் கடந்த ஓடம் கவிழ்ந்தது. மீன் கூடைகளோடு மூன்று பெண்கள் ஆற்றோடு போய்விட்டார்கள். அதில் ஒருவர் நியாகோண்ட்வே அம்மாவின் தங்கை. விசாரணைத் தாளில் எழுதியிருந்தது: 'வேலை இல்லாதவர்கள்.'

அன்றுதான் சவுலா அழுது நான் பார்த்தேன். அழுதவர் அப்படியே உட்கார்ந்துவிடவில்லை. தள்ளிவிடப்பட்ட அந்தப் படிவங்களின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, பேருந்து மாறி மாறித் தலைநகர் போனார். திட்டத் துறையின் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தார். "யாருய்யா நீ?" என்று கேட்ட அதிகாரியிடம், "அந்த ஆத்த எத்தன பேரு எதுக்காகத் தாண்டுறாங்கன்னு உங்ககிட்ட கணக்கு இருக்கா? எங்கிட்ட இருக்கு" என்றார்.

அந்த அதிகாரி படித்தார். இரவல் பேனாவில் குறிப்பெடுத்துக்கொண்டே படித்தார். அடுத்த ஆண்டு அறிக்கையில் ஏரிக்கரை மீன் வணிகத்துக்கு ஒரு முழுப் பக்கம்! அதற்கடுத்த ஆண்டு ஆற்றின்மேல் பாலம்! இன்று இந்தத் தாய்மார்கள் வந்த லாரி அதன்மேல் ஏறித்தான் வந்தது.

எண்களை மதித்தவர் பலர் உண்டு. எண்ணுக்குப் பின்னால் நிற்கும் ஆளை மதித்தவர் எத்தனை பேர்? நான் அறிந்தவரை ஒருவர்!

கடைசியாக அவர் தொடங்கிய வேலை, சாலையோரம் கல் உடைக்கும் பெண்களின் கணக்கு. அறுபத்து மூன்றாம் வீட்டோடு காய்ச்சல் அவரைப் படுக்கவைத்துவிட்டது. தோழர்களே, இந்தச் சபையில் அவர் துணைவியார் முன்னிலையில் உறுதி சொல்கிறேன்: திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நாங்கள் அறுபத்து நான்காம் வீட்டின் கதவைத் தட்டுவோம்.