புதுப் பாஷையில் ஒரு ஏச்சு

புதுக்கடையிலிருந்து மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் மடியில் பாக்கு மூட்டை. மற்றவர் கையில் சுருட்டிய பழைய நோட்டு.

“நான் உண்டாக்கின பாஷைதான் மக்கா. எனக்கே இன்னும் பேச வரல்ல” என்றார் நோட்டுக்காரர். அதன் பிறகு நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.

“எதுக்குவே இந்தப் பாடு?”

“திருவிதாங்கூர் சர்க்கார் கச்சேரியில மலையாளம், வீட்டுல தமிழ். எனக்குன்னு ஒண்ணு வேண்டாமா? வார்த்தையெல்லாம் எழுதியாச்சு. தினமும் காலையில சத்தமா படிக்கேன். வாயிலதான் நிக்கமாட்டேங்கு.”

“பேச ஆளு?”

“வீட்டுக்காரி இருக்காளே. எழுத்து தெரியாது. அடுப்படியில நின்னு கேட்டே படிச்சிட்டா. என்னைவிட நல்லா பேசுகா.”

பாக்குக்காரர் சிரித்தார்.

“சிரிக்காதவே. நேத்து நான் படிச்சிட்டிருந்த நேரம் ஆடு அவுந்து மரச்சீனிக் கிழங்குச் செடிக் கொழுந்தையெல்லாம் தின்னுட்டு. அவ அந்தப் பாஷையிலேயே என்னை ஏசிட்டா.”

“நீயும் திருப்பி ஏச வேண்டியதுதான?”

“எப்பிடி? நான் ஏச்சு வார்த்தையே உண்டாக்கல்லியே.”

“பின்ன அவ எப்பிடி ஏசினா?”

“அவளே உண்டாக்கியிருக்கா. ஏழெட்டு வார்த்தை இருக்கும்.”

“அர்த்தம் கேட்டியா?”

“கேட்டேன். தினமும் காலையில வந்து உக்காரு, சொல்லித்தாரேன்னா.” நோட்டை விரித்துக் காட்டினார். கடைசிப் பக்கம்வரை நிறைந்திருந்தது. “இதுல இடமில்ல. அதான் புது நோட்டு வாங்கப் போறேன்.”