ரெண்டரைன்னா ரெண்டரை

— மன்னிச்சுக்கோங்க சார். கப்பல் கிளம்புறது நாலு மணிக்கு. ஆனா ஏறுற கேட்டை ரெண்டரைக்கே மூடிடுவோம். இப்ப மணி மூணு அஞ்சு ஆகுது.

— அதோ நிக்குதே அம்மாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இன்னும் கயிறுகூட அவுக்கல. நாலு எட்டு வெச்சா ஏறிடுவேன்.

— தூரம் பிரச்சினை இல்ல சார். ரெண்டரைக்கு ஆள் பட்டியலை முடிச்சுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டோம். அதுக்கப்புறம் ஒரு பேரைக்கூடச் சேர்க்க முடியாது. உங்க சீட்டுல போட்டிருக்கிற நேரம் பன்னெண்டுல இருந்து பன்னெண்டரை.

— சீட்டெல்லாம் நான் எப்பம்மா படிச்சேன்? எல்லாம் என் சம்சாரம்தான். அவ உள்ள இருக்கா. புருஷன வெளிய நிறுத்திட்டுப் பொண்டாட்டிய மட்டும் ஏத்திட்டுப் போற கப்பல எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?

— சார், நீங்க மத்தியானம்...

— மத்தியானம் பூரா கடையில மிஷின்ல உக்காந்திருந்தேன். முப்பத்தஞ்சு வருஷமா தையக்காரன். இரு இரு, அவ ஃபோன எடுத்துட்டா. எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கர்ல போடுறேன். நீயும் கேளு. இந்தா பாரு, கேக்குதா?

— எங்கங்க இருக்கீங்க? பதினாலு தடவ கூப்பிட்டுட்டேன்.

— கவுண்டர்ல நிக்கிறேன். உள்ள விட மாட்டேங்குறாங்க.

— எப்ப வந்தீங்க?

— இப்பத்தான். அஞ்சு நிமிஷம் இருக்கும்.

— ரெண்டரைக்குக் கேட்டை மூடிடுவாங்கன்னு சொன்னேனா இல்லையா? நேத்து சாயங்காலம் ஒரு தடவ. காலைல செருப்பு மாட்டும்போது ஒரு தடவ. காலண்டர் தாள்ல எழுதி மிஷினுக்கு மேல ஒட்டிட்டு வேற வந்தேன்.

— சொன்ன. ரெண்டரைன்னுதான் சொன்ன. நீ ரெண்டரைன்னா அது நாலரை.

— என்னது?

— என்ன என்னது? டாக்டர் ஆறு மணிக்கு வரச் சொன்னா என்கிட்ட நாலும்ப. ரயில் ஒன்பதுக்குன்னா ஏழும்ப. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?

— தெரியுமா? எப்ப இருந்து?

— பாப்பா அஞ்சாப்பு படிக்கிறப்ப ஆண்டு விழா வந்துச்சே, அதுல இருந்து. அஞ்சு மணின்ன. அடிச்சுப் புடிச்சு ஓடினேன். அங்க ஒரு நாற்காலிகூடப் போடல. வாட்ச்மேன் சிரிக்கிறான், விழா ஏழு மணிக்குங்க, இப்பவே வந்து கூட்டிப் பெருக்கப் போறீங்களான்னு. அன்னில இருந்து நீ எது சொன்னாலும் ரெண்டு மணி நேரம் கூட்டிக்குவேன். சுருங்குற துணின்னு தெரிஞ்சா ரெண்டு இஞ்ச் கூட்டி வெட்டுறதில்லையா, அதே மாதிரி.

— அப்ப இத்தன வருஷமா நான் கழிச்சுக் கழிச்சுச் சொல்ல, நீங்க கூட்டிக் கூட்டி வந்திருக்கீங்க.

— இன்னிக்கு ஏன் கழிக்கல?

— இன்னிக்கு உண்மையச் சொன்னேங்க.

— முன்கூட்டி ஒரு வார்த்த சொல்லாம உண்மையச் சொல்லலாமா? கேட்டுக்கோ அம்மாடி. இவ இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்துல மணி அடிச்சவ. எங்க போனாலும் கால்ல வெந்நிய ஊத்திக்கிட்டுதான் போவா. முப்பத்தொரு வருஷக் குடித்தனத்துல ஒரே ஒரு நாள் சரியான நேரத்தச் சொன்னா. அன்னிக்கு என்னைக் கரையில நிறுத்திட்டா. இது துரோகம் இல்லையா?

— யாரு, நீங்க பேசுறீங்களா? கடைக்கு வந்த ஒரு மாப்பிள்ளைக்குத் தச்ச கோட்டைக் கல்யாணத்துக்கு மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்த ஆளு!

— விருந்துக்குப் போட்டுக்கிட்டான்ல?

— சும்மா இருங்க. அழுகையா வருது எனக்கு. மகளப் பாக்கப் போறோம், போற வழியில ஒரு பொய் வேண்டாம்னு பட்டுச்சு. அத உங்ககிட்ட விளக்கமா சொல்லியிருக்கணும். ஏங்க, இதுதாங்க நிசமான நேரம்னு சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்புதான்.

— மேடம், நான் கவுண்டர்ல இருந்து பேசுறேன். சாருக்கு ஒரு வழி இருக்கு. நாளன்னிக்குக் காலைல கப்பல் முதல் துறைமுகத்துக்குப் போகும். சார் நாளைக்கு விமானத்துல போய் அங்க ஏறிக்கலாம். சில பேர் அப்படிச் செய்வாங்க. நான் எழுதிக் கொடுத்துடுறேன்.

— அப்படியா? ஏங்க, கேட்டீங்களா? நாளன்னிக்கே வந்துடலாமாம். பாப்பா ஊரு அதுக்கு அடுத்த நாள்தானே வருது?

— விமானமெல்லாம் எனக்கு ஒத்துக்காது. காது அடைச்சுக்கும்.

— ஒரு மணி நேரங்க. பஞ்சு வெச்சுக்கலாம்.

— இந்தா பாரு, ஆகாதுன்னா ஆகாது. தெரியாத ஊர்ல எறங்கி, பாஷை தெரியாம, நான் எங்க போய் முட்டிக்கிட்டு நிக்கிறது?

— பாப்பா அவ ஊர்த் துறைமுகத்து வாசலுக்கே வர்றேன்னு சொல்லியிருக்கா. கொழந்தையத் தூக்கிட்டு வர்றாளாம். எட்டு மணி நேரம் கப்பல் நிக்கும். அவ வீட்ட விட்டுப் போயி ஆறு வருஷம். அவ தேடிக்கிட்ட பையன்கிறதுக்காக ஆறு வருஷமா நீங்க அவ பேரையே எடுக்கல. போன மாசம்தான் நீங்களா வாயத் தொறந்து, சரி வர்றேன், கொழந்தைய ஒரு தடவ தூக்கிப் பாக்குறேன்னீங்க. அன்னிக்கே அவகிட்ட சொல்லிட்டேன். ஃபோன்ல அவ அழுத அழுகைய நீங்க கேக்கல.

— நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்? அந்தக் கொழந்த கவுனுக்குப் பட்டன் காஜா எடுத்து முடிச்சுட்டு வரலாம்னு உக்காந்தேன். உன் ரெண்டரைய நம்பி மோசம் போனேன்.

— நான் பதினொண்ணுக்கே வந்துட்டேங்க. ஒரு மணி வரைக்கும் உள்ள போகல. வரிசைக்குக் கயிறு கட்டியிருக்காங்களே, அதுக்கு இந்தப் பக்கமே நின்னு, வர்ற வண்டிய எல்லாம் எட்டி எட்டிப் பாத்தேன். அப்புறம் கவுண்டர்ல ஒரு பொண்ணுதான், நீங்க ஏறுங்க மேடம், சார் வந்தா நான் அனுப்பி வைக்கிறேன்னுச்சு.

— அது நான்தான் மேடம். மைக்ல கூட ரெண்டு தடவ அவர் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன்.

— சரி, நடந்தது நடந்துபோச்சு. நீ இறங்கி வந்துடு. கேக்குதா? அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். நீ மட்டும் தனியா போய் என்ன பண்ணப் போற? மூணு நாள் தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பியா? வா, வீட்டுக்குப் போவோம்.

— படியை மூணரைக்கு எடுத்துடுவாங்களாம். இங்க ஒரு தம்பி நிக்கிறார், அவர்தான் சொன்னார்.

— அதான் நேரம் இருக்கே. எப்பவும் இறங்கி வர்றவதானே நீ?

— ஆமா. எப்பவும் நான்தான் இறங்கியிருக்கேன். என் தம்பி கல்யாணத்துக்குப் போற ரயில்ல இருந்து பெட்டியும் கையுமா இறங்கினேன், நீங்க டீ குடிக்கப் போய்த் திரும்பலைன்னு. எங்கம்மா சாகக் கெடந்தப்ப பஸ்ஸுல இருந்து இறங்கினேன், நீங்க வர்றேன் வர்றேன்னு சொன்னீங்கன்னு. அடுத்த பஸ் புடிச்சுப் போறதுக்குள்ள அம்மா கண்ண மூடிட்டாங்க.

— அதையெல்லாம் எதுக்கு இப்ப கிளறுற?

— கிளறலங்க. அப்பெல்லாம் தப்பு உங்க மேல இருந்துச்சு, ஆனாலும் நான் இறங்கினேன். இன்னிக்குத் தப்பு என் மேல. அதனால கேள்வியே இல்ல. தம்பி, நான் இறங்கணும். என் பெட்டிய அடியில கொண்டுபோய் வெச்சுட்டாங்க, அது எப்ப கிடைக்கும்? அப்படியா, கப்பல் திரும்பி வர்றப்பதானா? பரவால்ல. மாத்துப் புடவை ரெண்டும், பாப்பாவுக்கு வாங்கின சங்கிலியும் அதுல இருக்கு. இருக்கட்டும், போயிட்டு வரட்டும்.

— அவசரப்படாம இறங்கு. படி வழுக்கும்.

— பாப்பாகிட்ட என்னன்னு சொல்லுவேன்னுதான் தெரியல.

— சார், மேடம் இறங்குறாங்கன்னா ரெண்டு பேருக்கும் ஒரு படிவம் எழுதணும். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?

— சம்சாரம் நேரத்தச் சரியா சொல்லலன்னு எழுது.

— எழுதிக்கோம்மா. என் பேர்லயே எழுது. தப்பு என்னுதுதான்.

— சரி மேடம். சார், உங்க சீட்டக் கொடுங்க.

— சீட்டு எதுக்கு? பேரத்தான் சொல்லிட்டேனே.

— ஸ்கேன் பண்ணாத்தான் படிவம் திறக்கும் சார். கொடுங்க. ம்... பயணி ரெண்டு. வர வேண்டிய நேரம் பன்னெண்டு. வெளி கேட்ல நுழைஞ்ச நேரம், பதினொண்ணு அம்பத்திரெண்டு.

— உங்க மிஷின் தப்பா காட்டுது.

— இல்ல சார். வெளி கேட்ல இந்தச் சீட்டக் காட்டித்தானே உள்ள வந்திருக்கீங்க? அப்ப பதிஞ்சது.

— யாரோட நேரம்மா அது? என்னுதா இருக்கும். நான் பதினொண்ணுக்கு வந்தேன்.

— உங்களது தனியா இருக்கு மேடம். பத்து அம்பத்தெட்டு. இது சாரோடது. சார், அப்ப நீங்கதானா அது? நீங்க வந்ததுல இருந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன், எங்க பார்த்தோம்னு. தூண் பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தீங்க. கப்பலுக்கா சார்னு கேட்டேன். ஒருத்தர வழியனுப்ப வந்தேன்னீங்க.

— எந்தத் தூணும்மா?

— ஸ்பீக்கர அணைச்சுடட்டுமா சார்?

— அணைக்காதம்மா. எந்தத் தூணு?

— வரிசைக்கு நேர் பின்னால மேடம். நீங்க நின்ன இடத்துல இருந்து பத்தடி இருக்கும்.

— நான் ஒரு மணி நேரம் வண்டி வண்டியா எட்டிப் பாத்துக்கிட்டு நின்னேன். எனக்குப் பின்னால உக்காந்து அதப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?

— இந்தா பாரு, ரெண்டு தடவ எழுந்திரிச்சேன். கால் வரல. அந்தப் பையன் முன்னால போய் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கிறது? வாசலுக்கு வந்தவன வெளிய தள்ளிக் கதவச் சாத்தினவன் நான். வர மாட்டேன்னு உன்கிட்ட சொல்லவும் வாய் வரல.

— அதனால என்னையே இறங்க வைக்கலாம்னு பாத்தீங்க.

— எப்பவும் இறங்கி வருவியேன்னு...

— என் பொய்ய எடுத்து, என் அளவுக்கே வெட்டி, எனக்கே தச்சுப் போட்டிருக்கீங்க. நானும் வாங்கிப் போட்டுக்கிட்டேன், கச்சிதமா இருக்குன்னு. எங்க, அந்தக் கவுனு? கையில வெச்சிருக்கீங்களா? காஜா எடுக்கணும்னீங்களே.

— துணிய இன்னும் வெட்டவே இல்ல.

— மணி என்னம்மா?

— மூணு இருபத்தாறு மேடம்.

— தம்பி, நான் இறங்கல. படியை எடுத்துக்கச் சொல்லுங்க. ஆமா, நிச்சயமாத்தான் சொல்றேன். எடுக்கட்டும்.

— என்னைத் தனியா விட்டுட்டா போற? சரி. சரி, போ. போய்ப் பாத்துட்டு வா. நான் செஞ்சது தப்புதான். கொழந்தைக்கு என்ன அளவுன்னு மட்டும் கேட்டுட்டு வா, தச்சு வைக்கிறேன். நீ திரும்பி வர்ற அன்னிக்கு உனக்கு முன்னாடி நான் இதே இடத்துல வந்து நிப்பேன். எத்தன மணின்னு மட்டும் சொல்லு.

— வர்ற ஞாயித்துக்கிழமை. காலைல ஏழு.

— ஏழுன்னா... ஏழா, ஒன்பதா?

— ஏழுன்னா ஏழுதாங்க. இன்னிக்குப் பூரா நான் உங்ககிட்ட ஒரு பொய்கூடச் சொல்லல. கப்பல் ஏழு மணிக்கு வரும். அதுல நான் இருக்க மாட்டேன்.