இன்னும் கொஞ்சம் தட்டையா

இல்ல தம்பி, அந்த மாதிரி நான் பேசமாட்டேன். மூணு டேக் எடுத்தாச்சு. முப்பது எடுத்தாலும் இப்படித்தான் வரும். தொண்டைக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு. வெந்நீரெல்லாம் வேண்டாம். முதல்ல உக்காருங்க. நீங்க நின்னுக்கிட்டே கேக்கறதப் பார்த்தா ஏதோ ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வந்துட்ட மாதிரி இருக்கு எனக்கு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்காரே சவுண்ட் என்ஜினியர், அவரை ஒரு டீ குடிச்சுட்டு வரச் சொல்லுங்க. மைக்கும் ஆஃப்லயே இருக்கட்டும். இது நமக்குள்ள பேசவேண்டிய பேச்சு.

தெரியும், தெரியும். வராந்தாவுல ஒரு பொண்ணு உக்காந்திருக்கு, நானும் பார்த்துட்டுத்தானே உள்ள வந்தேன். கையில ஸ்கிரிப்ட் வேற. என்னைப் பார்த்ததும் பாவம், பைக்குள்ள திணிச்சுது. நான் இல்லன்னா அது, அவ்வளவுதானே. பத்தொம்பது வருஷமா இந்த ரூம்ல நின்னு பேசறவ தம்பி நான். யாரு யாரை எதுக்கு வரச் சொல்லியிருக்காங்கன்னு செருப்பு கிடக்கிற இடத்தைப் பார்த்தே சொல்லிடுவேன். மேடம்னு சொல்லாதீங்க. காலையில அக்கான்னுதானே கூப்பிட்டீங்க? மூணாவது டேக்குக்கு அப்புறம் மேடம் ஆயிட்டேனா?

சரி, விஷயத்துக்கு வரேன். இந்த வெளிநாட்டுத் தொடரோட முதல் பாகத்துல அந்தப் பையனுக்குத் தமிழ்ல நான்தான் குரல் கொடுத்தேன். குரல் உடையாத வயசுப் பசங்களுக்கெல்லாம் எங்கள மாதிரி பொம்பளைங்கதானே பேசறோம். தொடர் ஓஹோன்னு ஓடுச்சு. ஆட்டிசம் இருக்கிற பையன், போலீஸ்காரங்களுக்கே வராத துப்பெல்லாம் அவனுக்கு வருது, கார் நம்பரை ஒரு தடவை பார்த்தா ஆயுசுக்கும் மறக்கமாட்டான். ஊரு முழுக்க ரோபோ பையன் ரோபோ பையன்னு அவனுக்குப் பேரே வெச்சுட்டாங்க. நீங்க அப்ப இங்க இல்ல. உங்களுக்கு முன்னாடி இருந்த டைரக்டர்தான் எனக்கு அந்தக் குரலைப் புடிச்சுக் கொடுத்தாரு. எப்படின்னு நினைக்கிறீங்க? நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசறவ. கை ஆடினா குரல்ல அலை வருதும்மான்னு, என் ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கச் சொன்னாரு. உப்புச் சப்பில்லாம பேசுன்னாரு. ஒவ்வொரு வார்த்தைக்கும் பேனாவால மேசையில டொக்குன்னு தட்டுவாரு, அந்தத் தட்டுக்கு ஒரு வார்த்தை விழணும். நெல்லு குத்தற மெஷின் மாதிரி பேசினேன். எல்லாரும் கை தட்டினாங்க.

இல்ல, அவரைக் குத்தம் சொல்லல. அவரும் எங்கயோ ஒரு படத்துல பார்த்திருப்பாரு. அந்தப் படத்தை எடுத்தவரு அதுக்கு முன்னாடி வந்த படத்தைப் பார்த்திருப்பாரு. ஒருத்தராவது ஒரு வீட்டுக்குப் போயி அரைமணி நேரம் உக்காந்து கேட்டிருக்கணுமே? கேட்டிருக்கமாட்டாங்க.

இந்தாங்க, இந்த ஹெட்போனை மாட்டுங்க. மாட்டுங்க தம்பி, கடிக்காது. அசல்ல அந்தப் பையன் பேசறது இது. அந்த ஊரு மொழி புரியலன்னா பரவாயில்ல, எனக்கும் புரியாது. ராகத்தை மட்டும் கேளுங்க. நீ கதவைத் தட்டாம வந்துட்டன்னு அவன் அக்காகிட்ட சொல்றான் பாருங்க. முதல்ல மெதுவா, நடுவுல ஒரே ஓட்டம், கடைசியில மேல ஏறி நிக்குது. கேள்வியே இல்ல, ஆனா கேள்வி மாதிரி முடியுது. இதுல ரோபோ எங்க இருக்கு? நடிக்கிற பையனுக்கு ஆட்டிசம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா யாரோ ஒரு பிள்ளைகிட்ட உக்காந்து நல்லா கேட்டிருக்கான். அந்த ராகத்தைத்தான் நாம தேச்சுக் கழுவி வெள்ளைத்துணி ஆக்கினோம்.

ஏழாவது எபிசோட்ல அவன் ஒரு தடவை சிரிப்பான். லிஃப்ட் கதவுல போலீஸ்காரரோட கோட்டு மாட்டிக்கும், அதைப் பார்த்து நல்லா வாய்விட்டு சிரிப்பான். நானும் சிரிச்சேன். கட் பண்ணிட்டாங்க. அவங்களுக்கு சிரிப்பு வராதும்மா, மூச்சு விடற சத்தமா மாத்திடுன்னாங்க. மாத்திட்டேன். படத்துல வாய் முழுக்க சிரிப்பு, சத்தத்துல புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு. பார்த்தவங்கள்ல ஒருத்தர் என்கிட்டயே கேட்டாரு, ஏம்மா அந்தப் பையனுக்கு ஆஸ்துமாவும் இருக்கான்னு.

சிரிக்கிறீங்க. சிரிங்க, எனக்கும் அன்னைக்கு சிரிப்புதான் வந்துச்சு.

இது மட்டுமா? வீட்டுல பொம்பளைங்க பார்க்கிற அந்த நீளமான தொடர் ஒண்ணுல, ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு அழற அம்மாவுக்கும் நான்தான் பேசினேன். எனக்கு ஏன் இப்படி ஒரு பிள்ளை, எனக்கு ஏன் இப்படி ஒரு பிள்ளைன்னு அறுபது எபிசோட். அறுபத்தொண்ணுல ஓடிப்போன அப்பா திரும்பி வந்து கட்டிப் புடிச்சாரு, பையன் சரியாயிட்டான். அப்பான்னு கூப்பிட்டு ஓடினான். காய்ச்சலா அது, மாத்திரை போட்டதும் இறங்கறதுக்கு? இது தப்புன்னு அன்னைக்கு நான் வாயைத் திறக்கல. பேசினேன், கையெழுத்துப் போட்டேன், வீட்டுக்குப் போனேன். அதைத்தான் இன்னைக்கு நினைச்சா எரிச்சலா வருது.

எப்படித் தெரியும்னா? என் சின்னவளுக்கு ஆட்டிசம் தம்பி. இப்ப பன்னெண்டு வயசு. இங்க யாருக்கும் சொன்னதில்ல. மறைக்கணும்னு இல்ல, சொன்னா உடனே ஒரு முகம் வரும் பாருங்க, இதோ இப்ப உங்களுக்கு வந்திருக்கே, அதுக்காகத்தான். அந்த முகத்தைக் கொஞ்சம் மாத்திக்குங்க. அவ நல்லாத்தான் இருக்கா. பாத்திரம் விழற சத்தம் ஆகாது, சட்டைக் காலர்ல இருக்கிற துணிச்சீட்டு ஆகாது, பொய் சொன்னா புடிக்காது. நமக்கு மட்டும் என்ன, ஆகாதது ஆயிரம் இல்லையா?

வந்துட்டீங்க பாருங்க, எல்லாரும் கேக்கறதுக்கே நீங்களும் வந்துட்டீங்க. அவளுக்கு என்ன திறமை? ஒரு திறமையும் கிடையாது. கணக்குல எங்க பரம்பரையே எப்படியோ அவளும் அப்படித்தான். படம் பார்த்துட்டு வந்த எங்க சொந்தக்கார மாமா ஒருத்தர், சுவத்துல இருந்த காலண்டரைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு, என் கல்யாணம் நடந்த தேதிக்கு என்ன கிழமை சொல்லு பார்ப்போம்னாரு. அவ நிதானமா சொன்னா, எனக்குத் தெரியாது, என்னை நீங்க கூப்பிடலையேன்னு. மாமாவுக்கு ரொம்ப ஏமாத்தம். ஏதோ காசு போட்டும் பொருள் விழாத மெஷினைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தாரு. ஒரு பிள்ளை சும்மா பிள்ளையா இருக்கக் கூடாதா தம்பி? அதிசயம் ஒண்ணைக் காட்டினாத்தான் உள்ள விடுவீங்களா?

தியேட்டருக்கும் கூட்டிட்டுப் போனேன் ஒரு தடவை. இதே மாதிரி பிள்ளையப் பத்தின படம்தான். பெரிய நடிகர், கழுத்தைச் சாய்ச்சு, கூரையைப் பார்த்து, விரலை ஆட்டி நடிச்சாரு, தியேட்டரே மூக்கை உறிஞ்சுது. இவளுக்கு அந்தப் பாட்டு புடிச்சுப் போயி, சந்தோஷத்துல ம்ம்ம்னு ஒரு சத்தம் கொடுத்தா. முன் வரிசை அம்மா திரும்பினாங்க. கண்ணு நிறைய தண்ணி. வாயில என்ன வந்துச்சு தெரியுமா? கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போறீங்களா, படம் பார்க்க முடியலன்னாங்க. நான் போகல. டிக்கெட் எங்ககிட்டயும் இருக்கு, உங்க அழுகைச் சத்தம் எங்களுக்கும்தான் கேக்குதுன்னேன். கடைசி வரைக்கும் உக்காந்து பார்த்துட்டுத்தான் வந்தோம்.

அது பழைய கதை. அதுக்காக இன்னைக்கு மல்லுக்கு நிக்கல நான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி முதல் பாகம் வந்துச்சு இல்ல? அப்ப சின்னவளுக்குப் பத்து வயசு. ஸ்கூல்ல மத்தியானம் தனியாத்தான் உக்காந்து சாப்பிடுவா. யாரும் அடிக்கல, திட்டல, பக்கத்துல உக்காரமாட்டாங்க, அவ்வளவுதான். ஒருநாள் வகுப்புப் பொண்ணுங்க நாலு பேரு வந்து, ஏய், உனக்கும் அந்த ரோபோ பையனுக்கு இருக்கிறதுதானாமே, அவன் மாதிரி பேசிக் காட்டுன்னு கேட்டிருக்காங்க. இவளுக்குக் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வரும். சின்ன வயசுல இருந்தே டிவி விளம்பரத்தை எல்லாம் அப்படித்தான் சொல்லுவா. பேசிக் காட்டியிருக்கா. நாலு பேரும் கை தட்டி, பக்கத்துல உக்காரவெச்சு, அவங்க டப்பாவுல இருந்து இவளுக்குக் கொடுத்திருக்காங்க.

சாயங்காலம் நான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். நேரா வந்து முன்னாடி நின்னா. அந்தப் பையனுக்குப் பேசறது நான்தான்னு அவளுக்குத் தெரியும். அம்மா, நாளைக்கும் பேசச் சொல்லியிருக்காங்க, சரியா வருதான்னு பாருன்னா. பேசினா. எனக்கு என்ன தோணுச்சு சொல்லுங்க? சத்தியமா சொல்றேன், எனக்குப் பெருமையா இருந்துச்சு. என் பொண்ணுக்கு நாலு பேரு கிடைச்சுட்டாங்க, அதுவும் என் தொழிலால. நான் என்ன பண்ணேன்? கடைசியில குரல் மேல ஏறுது பாரு, அதை இறக்குன்னேன். இன்னும் கொஞ்சம் தட்டையான்னேன். அவ மறுபடி பேசினா. இன்னும் கொஞ்சம் தட்டையான்னேன். அரைமணி நேரம் தம்பி. துணிய அப்படியே போட்டுட்டு, உக்காந்து திருத்திக் கொடுத்தேன். நல்லா புடிச்சுக்கிட்டா. அப்படி ஒரு மாணவி எனக்குக் கிடைச்சதே இல்ல.

அதுக்கப்புறம் அவ அந்தக் குரலை விடல. ஸ்கூல்ல ஆரம்பிச்சது வீட்டுக்கும் வந்துருச்சு. பசிக்குதுன்னு சொல்றதும் அந்தக் குரல்தான், அம்மான்னு கூப்பிடறதும் அந்தக் குரல்தான். ஒருநாள் கேட்டேன், ஏம்மா உன் குரல்ல பேசேன்னு. இதுதான் எனக்கு சரியான குரல், டிவியில காட்டறாங்களே, நீயும் சரியா இருக்குன்னு சொன்னியேன்னா. அவ பொய் சொல்லமாட்டா. நான் சொன்னேன்தான்.

அழல. ஏசி குளிருக்குக் கண்ணு கலங்குது. அந்த டிஷ்யூவை உள்ள வைங்க.

கொடுமை என்னன்னா, நாள் முழுக்க மைக் முன்னாடி நிக்கிற நான், என் பிள்ளை குரலை ஒரு தடவை ஒழுங்கா பதிஞ்சு வெக்கல. போன்ல அவ வீடியோ எவ்வளவோ இருக்கு. போன் எடுத்தாலே போட்டோன்னு நினைச்சு வாயை இறுக்கி மூடிக்குவா. ஒரே ஒரு வீடியோவுலதான் பேசறா, அதுலயும் பின்னாடி மிக்ஸி ஓடுது. ஒரு மாசமா ராத்திரி சமையல் முடிஞ்சதும் அதைக் காதுல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். மிக்ஸிக்கு நடுவுல எங்க ஏறுது, எங்க ஓடுது, எங்க நிக்குதுன்னு. மீதிய ஞாபகத்துல இருந்து தேடித் தேடித் தொண்டைக்குக் கொண்டு வந்தேன்.

இந்த ரெண்டாவது பாகத்தை அவ பார்ப்பா. அவ மட்டுமில்ல, எத்தனை வீட்டுல எத்தனை பிள்ளைங்க நம்ம குரல் எதுன்னு இந்தப் பெட்டிகிட்ட கேட்டுக்கிட்டு உக்காந்திருக்குங்களோ, அதுங்களும் பார்க்கும். அதனால அந்தப் பழைய குரல் இந்த வாயில இருந்து இனிமே வராது. வராந்தாவுல இருக்கிற பொண்ணைக் கூப்பிடறதுன்னா தாராளமா கூப்பிடுங்க, அதுகிட்டயும் இதையே சொல்லிட்டுத்தான் போவேன்.

அவளோட சொந்தக் குரல் எப்படி இருக்கும்னா கேக்கறீங்க? காலையில உங்க காதாலதானே தம்பி கேட்டீங்க. மூணு டேக்கும் கேட்டுட்டு, ஆட்டிசம் இருக்கிற பிள்ளைங்க இப்படிப் பேசமாட்டாங்கக்கான்னு சொன்னீங்க.