மேட்டுக்கு வராத கோடு

முதல்ல காட்டுக்குள்ள ரோடு போட்டாங்க, நம்மளைக் கேக்கல. அப்புறம் அந்த ரோட்டுக்கே கேட் போட்டாங்க, அதுக்கும் கேக்கல. அதுக்கப்புறம் மரத்துக்கெல்லாம் நம்பர் அடிச்சாங்க. இப்ப கடைசியா இந்த வரைபடம்... இந்த ஃபாரஸ்ட் ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருக்கே, அதான், தங்கச்சி. உக்காருங்க, விறகு பர்மிட் குடுக்கிறவர் டீக்குப் போயிருக்கார், லேசுல வரமாட்டார்.

மரம் வெட்டுறதுக்கு முன்னாடி, பழைய மனுசங்க இருந்த தடயம் ஏதும் உண்டான்னு நடந்து பாக்கணும். சட்டம். அந்தச் சட்டம் வேணும்னு நோட்டீஸ் எழுதினது நான், ஒட்டினது நான், அடி வாங்கினதும் நான். ஊருல என்னை 'முழக்கம்'னுதான் கூப்பிடுவாங்க. சொந்தப் பேரைச் சொன்னா என் வீட்டுக்காரியே யாருன்னு கேப்பா.

வரைபடத்துல அந்த நீலக் கோடெல்லாம் ஆளுங்க வரிசையா நடந்து பாக்கப்போற வழி. சமதரையில கோடு இருக்கு, ஓடைக்கரையில இருக்கு, மேட்டுல மட்டும் இல்ல. கேட்டா, செங்குத்தா இருக்காம், அங்க எவனும் குடியிருந்திருக்க மாட்டானாம். ஏன், துரத்துறவனுக்குப் பயந்தவன் சமதரையிலயா குடியிருப்பான்? நாங்களே போராட்டத்தப்போ ஒரு மழைக்காலம் பூரா அங்கதான் ஒளிஞ்சு கிடந்தோம். கூடக் கிடந்தவன் இப்ப மரம் வெட்டுற கான்ட்ராக்டர், அதை விடுங்க. கோடு இல்லாத இடத்துல அடுத்த வாரமே ரம்பம் ஏறிடும். அதான் என் வயித்தெரிச்சல்.

அதனால கையோட சாட்சி கொண்டுவந்துட்டேன். அந்த மேட்டுப் பாறை இடுக்குல கிடந்த கல்லு. மேல எழுத்து வெட்டியிருக்கு, பாசி மூடிக்கிடக்கு. ராஜா காலத்து எழுத்து, சந்தேகமே வேணாம். அதோ மேஜையில வச்சு பிரஷ்ஷால தேய்க்கிறாங்களே, அவங்கதான் ஆராய்ச்சிக்கார அம்மா. கல்லை வாங்கும்போதே, "எடுக்காம கிடந்த இடத்துலயே விட்டிருக்கணும் ஐயா"ன்னு பாடம் எடுத்தாங்க. விட்டிருந்தா நீங்க மேடேறி வந்திருப்பீங்களான்னு கேட்டேன். பிரஷ்ஷைத் தேடி எடுத்துக்கிட்டு மேஜைக்குப் போயிட்டாங்க.

எங்க எந்திரிக்கிறீங்க? நீங்கதான் தங்கச்சி எனக்குச் சாட்சி. வாசல்ல நிக்கிற கேட் வாட்ச்மேன் ஐயா, நீங்களும் இப்படி வாங்க.

என்னம்மா, எழுத்து தெரியுதா? ஏன் சிரிக்கிறீங்க? யார் பேரா இருந்தா என்ன, அங்க ஒரு ஆளு இருந்திருக்கான்ல? அதை எழுதிக்கிட்டுக் கோட்டைப் போடுங்க. இப்படிக் குடுங்க, நானே படிக்கிறேன். எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க, பின்னாடி கேக்கலைன்னு சொல்லக்கூடாது.

மு... ழ...

முழக்கம்.